இழுப்பு என்று சொன்ன அம்மாவிடம் திரும்பிப் போங்கள்

கேள்வி: நான் பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தேன். இப்போது மூன்றாம் ஆண்டு. கல்லூரியின் பெயர் வேண்டாம். பொது மருத்துவத் துறையில் வார்டு போஸ்டிங் நடக்கிறது. ஒரு படுக்கையைச் சுற்றி இருபது பேர் நிற்கிறோம், நான் எப்போதும் கடைசி வரிசை. போன வாரம் ஓர் அம்மாவின் கேஸை என்னைப் பிரசன்ட் பண்ணச் சொன்னார்கள். அந்த அம்மா "இழுப்பு" என்றார். எங்கள் ஊரில் இழுப்பு என்றால் வலிப்பு. அப்படியே எழுதிவிட்டேன். அவருக்கு இருந்தது மூச்சிரைப்பு. சீஃப் (யூனிட்டின் தலைமை மருத்துவர்) எல்லோர் முன்னாலும் கேஸ் ஷீட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஆங்கிலத்தில் அவர் கேட்ட எதற்கும் வாய் வரவில்லை. கூடப் படிக்கிற பலர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு லைப்ரரிக்குப் போய், மேற்படிப்பு நுழைவுத் தேர்வான பி.ஜி. நீட்டுக்குப் படிக்கிறார்கள். நானும் அப்படிச் செய்துவிடலாமா? இன்னொன்று: நோயாளிகளைத் தொந்தரவு செய்கிறோமே என்று மனசு உறுத்துகிறது. அவர்களுக்கு நம்மால் என்ன பிரயோஜனம்?

— மூன்றாம் ஆண்டு மாணவி, தர்மபுரி மாவட்டம்

பதில் (பொது மருத்துவத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர்):

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்த இழுப்பைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் இந்த ஒரு சொல் நாலு ஆள் வேலை பார்க்கிறது. சில ஊரில் அது மூச்சிரைப்பு, சில ஊரில் வலிப்பு. "கை கால் இழுத்துக்கிச்சுங்க" என்றால் பக்கவாதமாகவும் இருக்கலாம், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். அந்தச் சொல் உங்களுக்குத் தெரிந்த சொல்லாக இருந்ததுதான் வினை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் "அப்படின்னா என்னங்கம்மா, எப்படி வருது, செஞ்சு காட்டுங்க" என்று கேட்டிருப்பீர்கள். அந்த அம்மாவும் தோளைத் தூக்கி, வாயைத் திறந்து, மூச்சை இழுத்துக் காட்டியிருப்பார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் போஸ்டிங் போகிற சென்னைப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நோயாளி பாதி தெலுங்கு, பாதி கன்னடம் பேசுவார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது, அதனால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, கையால் காட்டச் சொல்லி எழுதுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் ஒரு வார்த்தையைக் கேட்டதுமே "ஆமா, தெரியும்" என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் மொழி தெரிந்தவர்களே அதிகம் சறுக்குகிறார்கள்.

இழுப்பு மட்டுமல்ல, இப்படி இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. "மயக்கமா வருது" என்றால் கண் இருட்டிக்கொண்டு வந்ததா, சுற்றியிருப்பதெல்லாம் சுழன்றதா, நினைவு தப்பி விழுந்தாரா, குமட்டிக்கொண்டு வந்ததா, சாப்பிடாமல் இருந்து வியர்த்து நடுங்கியதா? ஐந்துக்கும் ஐந்து வழி, ஐந்து வைத்தியம். "உப்பு இருக்குதுன்னாங்க" என்றால் அது சிறுநீரில் புரதமா, ரத்தத்தில் கிரியேட்டினினா, வெறும் ரத்த அழுத்தமா என்பது அவருக்கே தெரியாது. மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருக்கும் பழைய சீட்டுகளை வாங்கிப் பாருங்கள். "மதமதப்பு", "குடைச்சல்", "உளைச்சல்", "எரிச்சல்" நான்கும் கால் பற்றிய புகார்தான், ஆனால் ஒன்று போல இல்லை. சர்க்கரை நோயில் நரம்பு கெட்டவர் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பார், செருப்பு கழன்றதே தெரியவில்லை என்பார். இதை ஆங்கிலத்தில் நான்கே சொல்லில் எழுதிவிடலாம். நோயாளி வாயிலிருந்து வாங்கத் தமிழ் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய வில்லன் "வாயு". என் கதையையே சொல்கிறேன். நான் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருந்த ஓர் இரவு, ஐம்பது வயது விவசாயி ஒருவர் வந்தார். "மேல் வயித்துல வாயு நின்னுக்கிச்சு சார், ஏப்பம் வந்தா சரியாப் போயிடும்" என்றார். எனக்கும் தூக்கம். அவர் சொன்ன நோயையே நானும் எழுதி, வயிற்றுப்புண்ணுக்கு ஊற்றிக் குடிக்கிற மருந்தைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டேன். டூட்டியில் இருந்த சிஸ்டர் அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். முதுகெல்லாம் நனைந்திருந்தது. "சார், மார்கழிக் குளிர்ல இவருக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்று மட்டும் கேட்டார். இ.சி.ஜி. எடுத்தோம். இதயத்தின் கீழ்ச்சுவரில் அட்டாக். அவர் பிழைத்துக்கொண்டார், என் சாமர்த்தியத்தால் இல்லை. அதற்கப்புறம் வாயு என்று எவர் சொன்னாலும் "எங்கே, எப்போ, நடந்தா கூடுதா, கைக்கோ தாடைக்கோ போகுதா, வேர்த்துச்சா" என்று கேட்காமல் விட்டதில்லை. நோயாளி தன் வேதனையைச் சொல்ல வேண்டும். நோயின் பெயரையும் அவரே சொன்னால், அதை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேதனையைத் திரும்பக் கேட்க வேண்டும்.

உங்கள் சீஃப் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. இருபது பேர் முன்னால் கேஸ் ஷீட்டை மூடிக் கொடுப்பது பாடம் நடத்துவதில் சேராது. "போய் அந்த அம்மாவிடம் இன்னொரு முறை கேட்டு வா" என்று அனுப்பியிருந்தால் பத்து நிமிடத்தில் இருபது பேரும் கற்றுக்கொண்டிருப்பார்கள். ஒரு படுக்கைக்கு இருபது மாணவர் என்பதும் வகுப்பே அல்ல, அது வேடிக்கை. எங்கள் யூனிட்டில் நான்கு நான்கு பேராகப் பிரித்து பி.ஜி.களிடமும் (மேற்படிப்பு படிக்கும் மருத்துவர்கள்) உதவிப் பேராசிரியர்களிடமும் ஒப்படைத்தோம். அதற்கே ஆள் போதாது, ஓ.பி. நாளில் எல்லாம் கலைந்துவிடும், உண்மைதான். ஆனாலும் செய்ய முடிந்த காரியம். உங்கள் துறையில் அப்படி யாரும் பிரிக்கவில்லை என்றால், பொறுமையான ஒரு பி.ஜி.யை நீங்களே கண்டுபிடியுங்கள். எந்த யூனிட்டிலும் ஒருவராவது இருப்பார். ராத்திரி டூட்டியில் டீ குடிக்கும் நேரத்தில் அவர் சொல்லித் தருவது ஒரு மாத ரவுண்ட்ஸில் கிடைக்காது.

ஆங்கிலத்துக்கு வருவோம். கேஸ் பிரசன்டேஷனில் பேசப்படும் ஆங்கிலம் ஒரு சின்ன மொழி. கல்யாணப் பத்திரிகையின் தமிழ் எப்படி ஒரே அச்சில் இருக்குமோ அப்படி. பெயர், வயது, ஊர், தொழில், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எப்படி ஆரம்பித்தது, எப்படி வளர்ந்தது, எது இருந்தது, எது இல்லை, முன்பு என்ன நோய், என்ன மாத்திரை. இந்த எலும்புக்கூடு மாறாது. நோயாளி மட்டும்தான் மாறுகிறார். ஹாஸ்டலில் ஒரு தோழியை எதிரில் உட்கார வைத்து, தினமும் ஒரே ஒரு கேஸை ஐந்து நிமிடம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் மூன்று நாள் உங்கள் குரலையே கேட்கப் பிடிக்காது. ஒரு மாதத்தில் வாக்கியங்கள் தானாக வந்து நிற்கும்.

அப்புறம் ஒரு பழக்கம். நோட்டின் முதல் வரியில் நோயாளி சொன்ன முதல் வாக்கியத்தை அவர் பேச்சிலேயே, தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். "படுத்தா மூச்சு முட்டுது, எழுந்து குந்திக்கினா பரவாயில்ல." இதற்குக் கீழே ஆங்கிலச் சொல்லை எழுதலாம். நோயாளியின் புகாரை அவருடைய சொல்லிலேயே பதிய வேண்டும் என்றுதான் கிளினிகல் மெத்தட்ஸிலும் சொல்லித் தருகிறோம். அவருடைய சொல் என்றால் இங்கே தமிழ்தான், தெலுங்குதான், கன்னடம்தான். பிரசன்ட் பண்ணும்போதும் அந்த முதல் வாக்கியத்தைத் தமிழிலேயே சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். எந்த நல்ல சீஃபும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, லைப்ரரியா வார்டா?

1975-ல் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். புதிதாக வந்த 80 வெளிநோயாளிகள். அனுப்பிய மருத்துவரின் கடிதத்தையும் நோயாளி சொன்னதையும் மட்டும் வைத்து மருத்துவர்கள் ஒரு நோயை எழுதி வைத்தார்கள். பிறகு உடலைப் பரிசோதித்தார்கள், அப்புறம் ரத்தம், எக்ஸ்ரே எல்லாம். 66 பேருக்கு முதலில் எழுதியதே கடைசிவரை நின்றது. உடல் பரிசோதனையால் தெளிவானது 7 பேருக்கு, ஆய்வகத்தால் 7 பேருக்கு. அது ஸ்கேன்கள் பெருகாத காலம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் எந்த ஸ்கேனுக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது இன்றைக்கும் அந்தப் பேச்சுதான். என் விவசாயிக்கு இ.சி.ஜி. மெஷின் பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

பி.ஜி. நீட் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், தப்புக்கு மார்க் பிடிப்பார்கள், வாழ்க்கையே அதில் தொங்குகிறது. படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விகளில் நிறைய "இத்தனை வயதுக்காரர் இன்ன தொந்தரவோடு வருகிறார்" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த ஆளை வார்டில் ஒரு தரம் பார்த்தவர்களுக்கு விடை ஒரு முகத்தோடு ஞாபகம் வரும். காலையில் வார்டு மூன்று மணி நேரம்தான். லைப்ரரி ராத்திரியும் இருக்கும், நோயாளி நாளைக்கே டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார்.

நம் மாவட்டங்களில் வார்டை விட்டுவிட்டு லைப்ரரிக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மற்ற ஊர் மாணவர்கள் படத்தில் பார்ப்பது இங்கே படுக்கையில் இருக்கிறது.

புளோரைடு அதிகமான தண்ணீரால் பல்லும் எலும்பும் கெடும் புளோரோசிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இங்கே பல போர்வெல்கள் அதைத் தாண்டின. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. உங்கள் ஊர் ஆட்களின் பழுப்புப் பல்லைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அதனால்தான் அதை நோயாகப் பார்க்க மறந்துவிடுவீர்கள். முதுகு விறைப்பு என்று ஒருவர் வந்தால் தரையில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து எடுக்கச் சொல்லுங்கள். தாடையை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். கைகளைப் பின்னந்தலையில் கோக்கச் சொல்லுங்கள். மூன்றும் முடியாமல், காலும் விறைத்து நடை தடுமாறினால், தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டிய ஆள் அவர். முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கும்.

இதில் ஹிஸ்டரியின், அதாவது நோயாளியிடம் கேட்டு வாங்கும் கதையின், அழகு எங்கே என்றால், பல் கறை படிவது பல் உருவாகிற சிறு வயதில் மட்டும்தான். புளோரைடு இல்லாத ஊரில் பிறந்து, இருபது வயதில் கல்யாணமாகி இங்கே வந்து, முப்பது வருடம் போர்வெல் தண்ணீர் குடித்த ஓர் அம்மாவுக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும், முதுகு மட்டும் விறைத்திருக்கும். "பல் நன்றாக இருக்கிறது, புளோரோசிஸ் இல்லை" என்று எழுதிவிடுவோம். "உங்க அம்மா வீடு எதுங்க? எந்தத் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்கத் தோன்றுகிறவருக்குத்தான் அது பிடிபடும். இந்தக் கேள்வி உங்கள் வாயில் சகஜமாக வரும்.

பாம்புக்கடியும் அப்படித்தான். விடியற்காலை ஒருவரைத் தூக்கி வருவார்கள். வயிற்று வலி, வாந்தி, இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. கடித்த அடையாளமே இருக்காது. "நேத்து ராத்திரி எங்கே படுத்தீங்க?" என்று கேளுங்கள். தரையில் பாய் போட்டுப் படுத்தேன் என்றால் கட்டுவிரியன் ஞாபகத்துக்கு வர வேண்டும். அது கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. கண்ணாடி விரியன் வேறு மாதிரி, கடித்த இடம் வீங்கி, ரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடிக்கும் 20 நிமிட சோதனையை மாணவர்களே செய்யலாம்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம், அப்புறம் சாய்த்துப் பார்ப்பது. தண்ணீர் போல ஓடினால் விஷமுறிவு மருந்து வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும். அந்த 20 நிமிடம் வாட்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கப் பல நேரம் வார்டில் ஆளே இருக்காது. "சார், நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வரிசையிலிருந்து அன்றைக்கே முன்னால் வந்துவிடுவீர்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரி. தொழில் என்ன என்று கேட்டால் "ஆடு மேய்க்கிறேன்" என்பார். அதற்கு முன்னால் என்று கேட்டால்தான், பதினைந்து வருடம் கல் அறுத்ததும் பாலிஷ் போட்டதும் வெளியே வரும். கல்தூசி படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும்.

மூச்சு எண்ணுவது பற்றிக் கொஞ்சம் திட்ட வேண்டும். எந்த வார்டில் எந்தக் கேஸ் ஷீட்டை எடுத்தாலும் மூச்சு எண்ணிக்கை 18 அல்லது 20 என்று இருக்கும். சாகக் கிடப்பவருக்கும் 18, மறுநாள் வீட்டுக்குப் போகிறவருக்கும் 18. யாரும் எண்ணுவதில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், யாரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்று பிரிப்பதற்குப் பார்ப்பவை என்ன தெரியுமா? உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. எல்லாமே மூன்றாம் ஆண்டு மாணவி ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியவை. ஒரு முழு நிமிடம், நோயாளிக்குத் தெரியாமல், நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுங்கள். உங்கள் கேஸ் ஷீட்டில் 26 என்று வந்தால் அது நிஜமான 26 ஆக இருக்கட்டும். உங்களால் நோயாளிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டீர்களே, அதில் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியதாக நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஒரு படுக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் யூனிட்டின் அட்மிஷன் நாளன்று சாயந்திரம் நாலு மணிக்கு மேல் வார்டுக்குப் போங்கள். காலை ரவுண்ட்ஸில் இருக்கிற தள்ளுமுள்ளு இருக்காது. புதிதாகச் சேர்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வீட்டுக்குப் போகும் நாள்வரை தினமும் பாருங்கள். முதல் நாள் நீங்கள் நினைத்த நோய் என்ன, மூன்றாம் நாள் பி.ஜி. எழுதியது என்ன, எந்த ரிப்போர்ட் வந்து எது மாறியது, எந்த மருந்துக்கு எது குறைந்தது, எல்லாம் எழுதுங்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்தில், வில்லியம் ஆஸ்லர் என்ற பேராசிரியர் மாணவர்களை லெக்சர் ஹாலிலிருந்து வார்டுக்குக் கூட்டிவந்து, ஆளுக்குச் சில படுக்கைகளை ஒப்படைத்தார். உலகம் முழுக்க மெடிசின் துறைகள் மாணவர்களைப் பயிற்றுவிக்கும் முறை பெரும்பாலும் அதன் வழி வந்ததுதான். உங்களுக்கு யாரும் ஒப்படைக்கவில்லை என்றால் நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிஸ்சார்ஜ் நாளைத் தவற விடாதீர்கள். மாணவர்கள் யாரும் அங்கே நிற்பதில்லை, அங்கேதான் வைத்தியம் பாதியில் அறுந்து போகிறது. எந்த மாத்திரை எப்போது என்று அவருக்குப் புரிந்ததா என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைத்ததே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் நோயாளியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாப்பாட்டையும் கேளுங்கள். "சோறே தொடறதில்ல சார், களிதான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எத்தனை உருண்டை, எவ்வளவு பெரிசு என்று யாரும் கேட்பதில்லை. கேழ்வரகும் மாவுச்சத்துதான், காலையிலும் ராத்திரியிலும் தேங்காய் அளவு உருண்டை போனால் சர்க்கரை எங்கிருந்து இறங்கும்? களி சாப்பிட்டு வளர்ந்தவர் கேட்டால் அவர்கள் உண்மையான அளவைக் காட்டுவார்கள். நான் கேட்டபோதெல்லாம் எலுமிச்சை அளவுதான் காட்டினார்கள்!

தொந்தரவு பற்றிய உறுத்தல் உங்களுக்கு இருப்பது நல்லது, அது போய்விடக் கூடாது. அதற்காகப் பின்வாங்கவும் வேண்டாம். மருத்துவர் என்று பொய் சொல்லாதீர்கள். "நான் இங்கே படிக்கிற பொண்ணுங்க, உங்ககிட்ட கொஞ்சம் கேட்டுக் கத்துக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கோபமில்லாமல் நகர்ந்துவிடுங்கள். சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம், சொந்தக்காரர் வந்திருக்கும் நேரம் வேண்டாம். வயிற்றைப் பார்க்கும் முன் ஸ்கிரீனை இழுத்துவிடுங்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள், உங்கள் கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். உங்களோடு படிக்கிற பையன்கள் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது சிஸ்டரோ நீங்களோ கூட இருக்க வேண்டும். ஒருவரையே ஏழு பேர் வரிசையாக அமுக்கிப் பார்ப்பதைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். "எனக்கு என்ன சீக்கு கண்ணு?" என்று அவர் கேட்டால், ஊகித்துச் சொல்லாதீர்கள். "டாக்டர்கிட்ட கேட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய்ச் சொல்லுங்கள். வார்டில் மாணவர்கள் கொடுக்கும் வாக்குறுதிகளில் அதிகம் காப்பாற்றப்படாதது இதுதான்.

நோயாளிகள் நாம் நினைப்பதைவிடத் தாராளமானவர்கள். எங்கள் வார்டில் மண்ணீரல் வீங்கி மாதக்கணக்கில் வந்துபோன ஒரு பெரியவர் இருந்தார். தேர்வு நாளில் மாணவர்கள் முழுதாகக் கேட்டுப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய லாங் கேஸ் அவர்தான். ஒரு பையன் பயத்தில் மேலே மேலே தடவிக்கொண்டிருந்தான். பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கீழே தொப்புளாண்டை இருந்து வாய்யா. என்னை மூச்சு இழுக்கச் சொல்லணும், மறந்துட்டியே" என்றார். பையன் பாஸ்.

கடைசியாக, அந்த இழுப்பு அம்மா. இன்னும் வார்டில் இருந்தால் நாளைக்கே அவரிடம் போங்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "போன தடவ நான் சரியா கேட்டுக்கலைங்கம்மா, மறுபடி சொல்றீங்களா" என்று ஆரம்பியுங்கள். சின்ன வயதிலிருந்தா, இப்போதுதானா? பனிக்காலத்தில் கூடுகிறதா? புளி தட்டும்போது, தவிடு அள்ளும்போது, வைக்கோல் பிரிக்கும்போது வருகிறதா? எத்தனை வருடம் விறகடுப்பு ஊதினார்? பீடி சிகரெட் தொடாத பெண்களுக்கு அந்தப் புகையாலேயே நுரையீரல் கெடும். கால் வீங்குகிறதா? இதயத்தால் வரும் மூச்சிரைப்பா என்று பார்க்க, எத்தனை தலையணை வைக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லித் தந்திருப்பார்கள். அதைக் கேட்காதீர்கள், அவர் வீட்டில் தலையணையே இருக்காது, சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்வார். "மல்லாக்கப் படுக்க முடியுதுங்களா, நடு ராத்திரியில எழுந்து குந்திக்கிறீங்களா, சன்னலாண்டை போறீங்களா" என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு போய், கேட்காமலே உங்கள் சீஃபிடம் நீட்டுங்கள். முதல் வரி தமிழில் இருக்கட்டும்.